நின்ற வண்டியில் குறையும் மின்சாரம்

மின்சார மோட்டார் வண்டியொன்று வெள்ளிக்கிழமை மாலை அலுவலக வாயிலில் நிறுத்தப்படுகிறது. பாட்டரியில் 78 சதவீதம் மின்னேற்றம் இருப்பதாக அதன் முகப்புத் திரை காட்டுகிறது. திங்கட்கிழமை காலையில் அதே திரை 70 சதவீதம் என்கிறது. இடையில் சென்ற 60 மணி நேரத்தில் சக்கரம் ஓரங்குலமும் உருளவில்லை. கதவை எவரும் திறக்கவுமில்லை. பெட்ரோல் வண்டியாயின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்போம். மின்சாரத்தின் கசிவை எங்ஙனம் காண்பது?

இத்தகைய ஐயம் இன்று பலருக்கும் எழுகிறது. 2001-ஆம் ஆண்டு பெங்களூரில் ரேவா என்னும் சிறு மின்சாரக் கார் விற்பனைக்கு வந்த காலத்தில் அதனை வைத்திருந்தோர் மிகச் சிலரே. 2017-ஆம் ஆண்டில் அரசுத் துறைகளின் உபயோகத்திற்கென 10,000 மின்சாரக் கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அதன்பின் இவ்வண்டிகள் அலுவலக முற்றங்களிலும், களப்பணியாளர்களின் கையிலும், கோடை விடுமுறையில் மாதக்கணக்கில் ஊருக்குச் செல்லும் ஆசிரியர்களின் வீடுகளிலும் இடம்பெறலாயின. நின்ற வண்டியின் மின்னேற்றம் குறைவதைக் கண்டு கவலையுறுவோர், அதற்குப் பரிகாரமாக வண்டியை எப்போதும் 100 சதவீதம் ஏற்றியே நிறுத்துகின்றனர். இப்பரிகாரம் நோயினும் கொடியது என்பதைப் பின்னர்க் காண்போம். முதலில் நோய் எங்கே இருக்கிறது என்று அறிதல் வேண்டும்.

மேல்நாட்டார் இவ்விழப்புக்கு, இரவில் வந்து இரத்தம் உறிஞ்சும் பேயின் பெயரை இட்டு வழங்குகின்றனர். பெயர் வேடிக்கையாக இருப்பினும், அது தரும் எண்ணம் தவறானது. மின்சாரத்தை உறிஞ்சும் பேய் பாட்டரிக்குள் ஒளிந்திருப்பதாகவே பலரும் கருதிவிடுகின்றனர்.

பாட்டரிக்குள் நிகழ்வது என்ன?

எந்த மின்கலமும் முற்றிலும் அசையாது நிற்பதில்லை. 1800-ஆம் ஆண்டில் வோல்டா தம் மின்னடுக்கை உலகிற்கு அறிவித்த நாள் முதலே இக்குறை அறியப்பட்டதாகும். சாதாரணத் துத்தநாகத் தகட்டை நீர்த்த கந்தகாமிலத்தில் இட்டால், கம்பி எதனையும் இணைக்காத போதே குமிழிகள் எழும். தகட்டில் கலந்துள்ள இரும்பு, கார்பன் முதலிய மாசுகளும் துத்தநாகமும் சேர்ந்து எண்ணற்ற நுண்ணிய மின்கலங்களாகித் தமக்குள்ளேயே மின்னோட்டத்தை நடத்திக்கொள்வதே இதன் காரணம். வெளியே ஒரு வேலையும் நடைபெறாது. துத்தநாகம் மட்டும் கரைந்துகொண்டே போகும். பள்ளிப் பாடநூல்களில் இது ‘உள்ளிட நிகழ்ச்சி’ எனப்பட்டது. தகட்டின்மேல் பாதரசம் பூசி இதனைத் தடுத்தனர். பாதரசம் நஞ்சாகையால் இன்று அம்முறை கைவிடப்பட்டது.

1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாண்டே அமைத்த ஈய-அமில பாட்டரியிலும் இத்தகைய தன்னிறக்கம் உண்டு. இன்றைய நல்ல ஈய-அமில பாட்டரி ஒன்று, அறையின் உஷ்ணநிலையில் மாதத்திற்கு 3 முதல் 5 சதவீதம் வரை தன் மின்னேற்றத்தை இழக்கிறது. நிக்கல் உலோக ஹைட்ரைடு வகையில் இவ்விழப்பு 10 முதல் 30 சதவீதம் வரை செல்லும். இன்றைய கார்களை ஓட்டும் லிதியம் அயனி வகையிலோ இது மாதத்திற்கு 1 அல்லது 2 சதவீதமே. 1991-ஆம் ஆண்டில் ஜப்பானில் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்த பின் அது வெகு விரைவில் எங்கும் பரவியதற்கு, எடை குறைவு என்பதோடு இச்சிறப்பும் ஒரு காரணமாகும். இதனை உருவாக்க அடிகோலிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது.

லிதியம் அயனிக் கலத்தில் இழப்பு மிகக் குறைவாயிருப்பதன் காரணம் சுவையானது. அதன் எதிர் மின்வாய் கிராஃபைட்டால் ஆனது. மின்னேற்றிய கிராஃபைட்டைத் தொட்ட மாத்திரத்தில் அதனைச் சூழ்ந்துள்ள கரைசல் சிதையும் இயல்புடையது. அங்ஙனம் சிதைந்த பொருளே கிராஃபைட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, மேலும் சிதையாதவாறு தடுத்துவிடுகிறது. கொதித்த பாலின்மேல் ஆடை படிவதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். லிதியம் அயனிகள் இப்படலத்தினூடே சென்று வரும், எலெக்ட்ரான்கள் செல்லமாட்டா. ஆயினும் இக்காவல் முழுமையானதன்று. நாள் செல்லச் செல்லப் படலம் சிறிது சிறிதாகத் தடிக்கிறது. தடிக்குந்தோறும் சிறிதளவு லிதியம் அதில் சிக்குண்டு என்றைக்குமாகப் பயனற்றுப் போகிறது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். மின்னேற்றம் குறைதல் வேறு, பாட்டரியின் கொள்ளளவு குறைதல் வேறு. குடத்து நீர் குறைந்தால் மீண்டும் நிரப்பலாம். குடமே சிறுத்துவிட்டால் செய்வதற்கொன்றுமில்லை. மேற்கூறிய படலம் தடிப்பதால் நிகழ்வது பின்னது. வண்டி வைத்திருப்போர் பெரும்பாலும் முன்னதற்கே அஞ்சுகின்றனர், அஞ்சத்தக்கதோ பின்னதாகும்.

இரண்டையும் விரைவுபடுத்துவது உஷ்ணம். இரசாயன மாற்றத்தின் வேகம் உஷ்ணநிலையோடு எங்ஙனம் உயர்கிறது என்பதை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரேனியஸ் 1889-ஆம் ஆண்டில் ஒரு சமன்பாட்டால் விளக்கினார். 10 டிகிரி உயர்வுக்கு வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று அதனைத் தோராயமாகக் கொள்வது வழக்கம். இராஜஸ்தானத்துப் பலோடியில் 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் நிழலில் 51 டிகிரி சென்டிகிரேட் பதிவாயிற்று. அத்தகைய கோடையில் தார்ச்சாலையின்மேல் வெயிலில் நிற்கும் வண்டியின் பாட்டரி, 25 டிகிரி நிலவும் ஆராய்ச்சிக்கூடத்துப் பாட்டரியைப் போன்று நடந்துகொள்ளும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

தன்னிறக்கத்தின் காரணங்கள் யாவும் அறியப்பட்டுவிட்டனவா? அண்மைக்காலத்து ஆராய்ச்சி ஒன்று, அறியப்படாத ஒரு காரணம் நெடுங்காலமாகக் கண்ணெதிரே இருந்ததைக் காட்டிற்று. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான், மைக்கேல் மெட்ஸ்கர் ஆகியோரின் குழுவினர் லிதியம் அயனிக் கலங்களை 25, 40, 55, 70 டிகிரி உஷ்ணநிலைகளில் வைத்திருந்து, பின்னர் அவற்றைத் திறந்து நோக்கினர். நிறமற்றிருக்க வேண்டிய கரைசல் 70 டிகிரிக் கலத்தில் இரத்தம் போன்று சிவந்திருந்தது. சிவப்பின் காரணத்தைத் தேடிச் சென்றவர்கள் இறுதியில் ஓர் ஒட்டுநாடாவிடம் வந்து நின்றனர். மின்வாய்ச் சுருள் அவிழாமல் இருத்தற்பொருட்டுக் கலத்தினுள் ஒட்டப்படும் அந்நாடா, தண்ணீர் பாட்டில்கள் செய்யப்படும் அதே பிளாஸ்டிக்கால் ஆனது. அது கலத்தினுள் மெல்லச் சிதைந்து ஒரு மூலக்கூறை வெளிவிடுகிறது. அம்மூலக்கூறு ஒரு மின்வாயில் எலெக்ட்ரானை ஏற்று, மறு மின்வாய்க்கு நீந்திச் சென்று அங்கே இறக்கிவிட்டு, மீண்டும் திரும்பி வருகிறது. ஆற்றில் ஓயாது அக்கரைக்கும் இக்கரைக்கும் சென்றுவரும் ஓடத்திற்கு அதனை ஒப்பிடலாம். இங்ஙனம் பாட்டரி தானே தன்னை வெறுமையாக்கிக் கொள்கிறது. பாலிபுரொப்பிலீன் போன்ற உறுதியான பிளாஸ்டிக்கால் நாடாவைச் செய்தால் இக்கேடு நீங்கும். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்செய்தி வெளியாயிற்று. பல கோடி கலங்களைச் செய்து விற்ற தொழிலொன்றில், எவரும் பொருட்படுத்தாத ஒரு நாடா இத்துணை காலம் ஐயத்திற்கு இடமின்றி இருந்தது வியப்பே.

மின்னிரசாயனம் நம் நாட்டிற்குப் புதிய துறையன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையிலும் எழுந்த மத்திய மின்னிரசாயன ஆராய்ச்சி நிலையம் 1953-ஆம் ஆண்டு ஜனவரி முதல் காரைக்குடியில் இயங்கி வருகிறது. துருப்பிடித்தலும் மின்கலங்களும் அந்நிலையத்தின் ஆராய்ச்சித் துறைகளுள் அடங்கும். இரண்டிற்கும் அடிப்படை விஞ்ஞானம் ஒன்றே. இரும்பு துருப்பிடிப்பதும், பயன்படாது கிடக்கும் பாட்டரி வெறுமையாவதும் உடன்பிறந்த நிகழ்ச்சிகள் எனலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

இனி நம் வாயிலில் நின்ற வண்டிக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பாட்டரி 30.2 கிலோவாட் மணி கொள்ளளவுடையது. அதாவது நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் 30.2 யூனிட். நம் வண்டியும் அத்தகைய பாட்டரியையே உடையது எனக் கொள்வோம். தன்னிறக்கம் மாதத்திற்கு 2 சதவீதம் என்றால், இரண்டரை நாளில் அது 0.17 சதவீதமே. கோடை உஷ்ணத்தைக் கருதி அதனை நான்கு மடங்காக்கினும் 0.7 சதவீதத்தைத் தாண்டாது. இழப்போ 8 சதவீதம். எனவே 7 சதவீதத்திற்கு மேல் வேறெங்கோ சென்றிருக்க வேண்டும்.

முப்பது யூனிட்டில் 8 சதவீதம் ஏறத்தாழ 2.4 யூனிட். அதனை 60 மணியால் வகுத்தால் 40 வாட் வருகிறது. வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை 40 வாட் குண்டு பல்பு ஒன்று இடைவிடாது எரிந்ததற்கு இது சமம். பல்பு எதுவும் எரியவில்லை. ஆயின் அத்துணை மின்சாரத்தை உண்டது எது?

வண்டியின் கணிப்பொறிகளே அதனை உண்டன. மின்சாரக் கார் நின்றபின்னும் விழித்திருக்கக் கூடிய சாதனம். பாட்டரியின் ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் கருவி, கைப்பேசியின் செயலிக்கு மறுமொழி கூறும் கம்பியில்லாக் கருவி, சாவி அருகில் வருகிறதா என்று செவிசாய்க்கும் உணர்கருவி, மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளும் கணிப்பொறி ஆகிய பலவும் அதில் உள்ளன. வண்டியைப் பூட்டிச் சென்ற சிறிது நேரத்தில் இவற்றுள் பெரும்பாலானவை உறங்கிவிட வேண்டும். உறங்கிய வண்டியில், பெரிய பாட்டரியை மற்ற உறுப்புகளோடு இணைக்கும் விசைகள் திறந்துகொண்டு அது தனியே துண்டிக்கப்படுகிறது. எஞ்சியிருக்கும் சிலவற்றை 12 வோல்ட் சிறு பாட்டரியே காத்து நிற்கும். அந்நிலையில் மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால் செலவு 0.24 வாட்தான், ஒரு மாதம் முழுதும் சேர்த்தும் ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கே ஆகும்.

விழித்திருக்கும் வண்டியோ பல பத்து வாட்களை உண்ணும். குளிரூட்டும் பம்பும் விசிறியும் சேர்ந்து இயங்கினால் நூறு வாட்டையும் தாண்டும். உறக்கத்திற்கும் விழிப்புக்கும் இடையிலுள்ள செலவு வேறுபாடு நூறு மடங்குக்கு மேல் என்பது இக்கணக்கிலிருந்து தெரிய வரும். ஆதலின், நின்ற வண்டி எவ்வளவு இழக்கும் என்ற வினாவின் விடை, அது எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பதைப் பொறுத்ததாகும்.

வண்டியை எழுப்புவன யாவை என்று நோக்கின், அவற்றுட் பெரும்பாலானவை நம் செயல்களே. மின்னேற்றம் எவ்வளவு இருக்கிறது என்று கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்க்கும்போது பல வண்டிகள் விழித்துக்கொள்கின்றன. விழித்தது மீண்டும் உறங்கச் சிறிது நேரம் பிடிக்கும். ஒரு முறை விழித்தால் 100 வாட் வீதம் அரை மணி நேரம் செலவாகும் எனக் கொள்வோம். கவலையால் நாள்தோறும் பத்து முறை பார்ப்பவர், அரை யூனிட்டை, அதாவது மேற்சொன்ன பாட்டரியில் ஒன்றரை சதவீதத்திற்கு மேல், பார்த்தே தீர்த்துவிடுகிறார். அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் சோற்றுப்பானையை நொடிக்கொரு முறை திறந்து பார்ப்பவரின் செயலை இது ஒக்கும். சாவியை வண்டிக்கு அருகிலுள்ள சுவரில் மாட்டிவைப்பதும், வாங்கியபின் பொருத்திய காமிராவையோ இடங்காட்டும் கருவியையோ நிரந்தர இணைப்பில் விட்டுவைப்பதும் இதையே செய்யும். வாடகைக்கு அமர்த்திய அலுவலக வண்டிகளில் இத்தகைய கருவிகள் மிகுதி. அவை வண்டியை உறங்கவிடுகின்றனவா என்பதை எவரும் கேட்பதில்லை.

வண்டியைச் சுற்றி நடப்பதைக் காமிராக்களால் இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும் காவல் அமைப்பு அனைத்திலும் பெருந்தீனிக்காரன். டெஸ்லா நிறுவனத்தார் 2019-ஆம் ஆண்டு முதல் தம் வண்டிகளில் இதனை அமைத்து வருகின்றனர். சாதாரணமாக நிற்கும் வண்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் இழக்கலாம் என்பது அவர்தம் கையேட்டின் கூற்று. காவல் அமைப்பு 250 வாட் வீதம் நாள் முழுதும் இயங்குமாயின் 6 யூனிட் செலவாகும். 60 யூனிட் பாட்டரியில் அது ஒரு நாளைக்கு 10 சதவீதம். பூட்டிய காம்பவுண்டுக்குள் நிற்கும் வண்டிக்கு இத்துணைக் காவல் எதற்கு என்று எண்ணிப் பார்க்கலாம்.

சிறு பாட்டரியின் பெருந்தொல்லை

நின்ற வண்டி புறப்பட மறுப்பதற்குப் பெரிய பாட்டரியைவிடச் சிறு பாட்டரியே அடிக்கடி காரணமாகிறது. மின்சாரக் காரிலும் 12 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டென்பதையே பலர் அறியார். கதவின் பூட்டும், விளக்கும், கணிப்பொறிகளும், பெரிய பாட்டரியை இணைக்கும் விசைகளும் இதனாலேயே இயங்குகின்றன. இது வெறுமையாகிவிட்டால், பெரிய பாட்டரியில் 80 சதவீதம் இருந்தும் வண்டி அசையாது. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் அதன் சாவி தொலைந்துபோன வீட்டின் நிலைதான்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 35 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சிறு பாட்டரியிலிருந்து 50 மில்லி ஆம்பியர் ஓயாது சென்றால், 700 மணி நேரத்தில், அதாவது 29 நாளில் அது முற்றிலும் தீரும். பாதி தீர்ந்த நிலையிலேயே சில கருவிகள் தடுமாறத் தொடங்கும் ஆகையால், இரண்டு வாரமே பாதுகாப்பான எல்லை எனக் கொள்ளலாம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நிலவியபோது வாரக்கணக்கில் நின்ற வண்டிகள் பல, பெட்ரோல் வண்டிகள் உட்பட, இக்காரணத்தாலேயே புறப்பட மறுத்தன. பல புதிய மின்சார வண்டிகள் சிறு பாட்டரி தளர்ந்ததும் தாமே விழித்துப் பெரிய பாட்டரியிலிருந்து அதற்கு ஊட்டிவிட்டு மீண்டும் உறங்குகின்றன. எல்லா வண்டிகளிலும் இவ்வேற்பாடு உண்டென்று நம்பியிருத்தல் கூடாது. கையேட்டைப் பார்த்துத் தெளிதல் வேண்டும். ஈய-அமில பாட்டரி வெறுமையான நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, பின்னர் மின்னேற்றினும் பழைய வலிமை திரும்புவதில்லை.

குறையாமலே குறைந்ததாகத் தோன்றுவதும் உண்டு. பாட்டரியில் எஞ்சியிருக்கும் மின்னேற்றத்தை நேராக அளந்தறியும் கருவி ஏதுமில்லை. மின்னழுத்தம், சென்ற மின்னோட்டம், உஷ்ணநிலை ஆகியவற்றைக் கொண்டு கணிப்பொறி அதனை மதிப்பிடுகிறது. இரும்பு பாஸ்பேட் வகை லிதியம் கலத்தில் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரமும் 3.2 அல்லது 3.3 வோல்ட் அருகிலேயே நிற்பதால் இம்மதிப்பீடு கடினமாகிறது. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பின் கணிப்பொறி தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்போது எண் இரண்டொன்று இறங்கலாம். சிற்சில வேளை ஏறவும் கூடும். இது இழப்பன்று. குளிரும் இங்ஙனமே ஏமாற்றும். லடாக்கில் பனிக்காலத்து இரவில் நின்ற வண்டி காலையில் குறைந்த அளவைக் காட்டினால், அப்பகுதி மின்சாரம் தொலைந்துவிடவில்லை. பாட்டரி சூடேறும்வரை அதனைத் தர இயலாது நிற்கிறது. குளிர்ந்த பாட்டரியைச் சூடேற்ற வண்டி செலவிடும் மின்சாரம் மட்டுமே உண்மையான இழப்பு.

செய்யத்தக்கது

முற்கூறியவற்றிலிருந்து பரிகாரம் தானே விளங்கும். வண்டியை உறங்கவிடுதலே தலையாயது. காவல் காமிராவையும், நின்ற வண்டிக்குள் குளிர்ச்சி காக்கும் அமைப்பையும் தேவையற்ற இடங்களில் நிறுத்தி வைக்கலாம். குறித்த நேரத்தில் அறையைக் குளிர்விக்குமாறு முன்னர்ச் செய்திருந்த ஏற்பாடு, விடுமுறையிலும் நாள்தோறும் இயங்கிக்கொண்டிருக்கும். ஊருக்குப் புறப்படுமுன் அதனை நீக்குக. செயலியை வாரம் ஒரு முறை திறந்தால் போதும். சாவியை வண்டியிலிருந்து பல மீட்டர் தொலைவில் வைத்திடுக. புறத்தே வாங்கிப் பொருத்திய கருவிகளின் இணைப்பை எடுத்துவிடுவது நன்று.

இரண்டாவது, நிழல். மரநிழலாயினும் கூரையாயினும் பாட்டரியின் ஆயுளுக்கு அது செய்யும் நன்மையைப் பணத்தால் வாங்க இயலாது.

மூன்றாவதே பெரும்பாலோர் தவறும் இடம். இரு வாரத்திற்கு மேல் நிற்கப்போகும் வண்டியின் பாட்டரியை முழுமையாக ஏற்றி நிறுத்தலாகாது. முழு மின்னேற்றத்தில் கலத்தின் இரசாயனப் பொருள்கள் மிகவும் துடிப்பான நிலையில் இருக்கின்றன. அதனுடன் கோடை உஷ்ணமும் சேர்ந்தால் முன்னர்க் கூறிய படலம் விரைந்து தடித்துக் கொள்ளளவு என்றைக்குமாகக் குறையும். மாதத்திற்குச் சில யூனிட் மின்சாரத்தை இழப்பதற்கு அஞ்சி, வண்டியின் விலையில் பெரும்பங்கு பெறும் பாட்டரியின் ஆயுளைச் செலவிடுவது சிக்கனமாகாது. பாதியளவில், அதாவது 50 அல்லது 60 சதவீதத்தில் நிறுத்துவது பொதுவாக ஏற்றது. மின்னேற்றக் கம்பியை இணைத்தே வைக்குமாறு கையேடு கூறின் அங்ஙனமே செய்து, ஏற்றத்தின் உச்ச எல்லையைக் குறைத்து வைக்கலாம். அன்றாடம் ஓடும் வண்டிக்கு இத்துணை எச்சரிக்கை வேண்டியதில்லை. இரும்பு பாஸ்பேட் வகைப் பாட்டரியைக் கணக்குத் திருத்தத்தின் பொருட்டு அவ்வப்போது முழுமையாக ஏற்றுமாறு சில நிறுவனத்தார் கூறுவர். அதனை ஓட்டத்திற்குச் சற்று முன்னர்ச் செய்வது நலம். மறுபுறம், 20 சதவீதத்திற்கும் கீழே விட்டுச் செல்வதும் தீது. லிதியம் கலம் அளவுக்கு மீறி வெறுமையாகி மின்னழுத்தம் மிகத் தாழுமாயின், அதனுள்ளிருக்கும் செப்புத் தகடே கரையத் தொடங்கும். அதன்பின் அதனை மின்னேற்றுவது அபாயமாகும்.

குளிர்ப் பிரதேசங்களில் பணியாற்றுவோர்க்கு ஒரு சொல். பூஜ்ய டிகிரிக்குக் கீழே குளிர்ந்த கலத்தை விரைந்து மின்னேற்றினால் கிராஃபைட்டினுள் புகவேண்டிய லிதியம், உலோகமாக அதன் மேற்பரப்பில் படிந்துவிடும். வண்டியின் கருவிகள் இதனைத் தாமே தடுக்கும். ஆகையால் காலையில் மின்னேற்றம் தொடங்கத் தாமதமாவதைப் பழுதென்று கொள்ளல் கூடாது. மாலையில் ஓடி நின்ற பாட்டரி இளஞ்சூடாக இருக்கும்போதே ஏற்றிவிடுவது எளிது.

சிறு பாட்டரி மூன்று நான்கு ஆண்டு பழகியதாயின், நீண்ட விடுமுறைக்கு முன் பணிமனையில் அதனைச் சோதித்துக் கொள்வது நல்லது. அதன் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்கலாமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் பாட்டரியைக் காக்கும் கருவியே அதனால் செயலற்றுப் போகும். கழற்றுமுன், வண்டியைக் கையால் திறக்கும் சாவி எங்கே செருகப்படும் என்பதைக் கண்டுகொள்க. செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளை எக்காரணத்தாலும் தொடலாகாது. அவற்றில் பாயும் மின்னழுத்தம் பல நூறு வோல்ட்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனைச் சிறு செலவில் காட்டலாம். பழைய உலர் மின்கலத்தின் கூட்டை ஆசிரியரே வெட்டியெடுத்துத் தூய்மை செய்தால் துத்தநாகத் துண்டுகள் கிடைக்கும். நீர்த்த கந்தகாமிலம் உள்ள இரு குழாய்களில் ஒவ்வொரு துண்டை இட்டு, ஒரு குழாயைக் குளிர்ந்த நீரிலும் மற்றதை வெந்நீரிலும் நிறுத்துக. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. ஆசிரியரே இதனைச் செய்தல் வேண்டும். கம்பியின்றியே குமிழி எழுவதையும், வெந்நீரில் நின்ற குழாயில் அது பன்மடங்கு மிகுவதையும் மாணவர் தம் கண்ணாற் காண்பர். பக்கத்தில் ஒரு தீச்சுடரும் இருத்தலாகாது. எழும் வாயு ஹைட்ரஜன்.

உயர்ந்த வகுப்பினர்க்குத் தம் ஊரிலுள்ள வண்டியொன்றின் கணக்கையே பாடமாக்கலாம். மாலையில் நிறுத்தியவுடன் காணும் எண்ணைக் கொள்ளாது, இரண்டு மணி நேரம் கழித்துப் பாட்டரி ஆறியபின் காணும் சதவீதத்தையும், நேரத்தையும், வெளி உஷ்ணநிலையையும் குறித்துக்கொள்க. 48 மணி நேரம் செயலியைத் திறவாது, சாவியைத் தொலைவில் வைத்து, பின்னர் மீண்டும் குறிக்கவும். அடுத்த 48 மணி நேரம் காவல் காமிராவையோ வெளிக்கருவியையோ இயங்கவிட்டு அங்ஙனமே அளக்கவும். மூன்றாம் முறை நாள்தோறும் பத்து முறை செயலியைத் திறந்து பார்க்கவும். ஒவ்வொன்றிலும் குறைந்த சதவீதத்தைப் பாட்டரியின் யூனிட் அளவால் பெருக்கி, மணிக்கணக்கால் வகுத்தால், வண்டி உண்ட சக்தியின் அளவு கிலோவாட்டில் கிடைக்கும். முதல் அளவீட்டிலேயே, எல்லாம் நிறுத்தப்பட்ட நிலையில், நாளொன்றுக்கு 2 அல்லது 3 சதவீதத்திற்கு மேல் தொடர்ந்து குறைந்து வந்தால், ஏதோ ஒரு கருவி உறங்க மறுக்கிறது என்று கொள்ளலாம். பணிமனைக்குச் செல்லும்போது இக்குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் சென்றால், எந்தக் கருவியிலிருந்து தேடத் தொடங்குவது என்று அங்குள்ளோர் அறிவர். பாட்டரியை மாற்ற வேண்டும் என்ற பேச்சும் காரணமின்றி எழாது.